கூட்டத்தைப் பூட்டி வைத்த ஆட்டம்

கொரோனா காலத்தில் கால்பந்து உலகம் காலி மைதானத்தில் மீண்டும் எழுந்தது. வாடிவாசல்களின் மாவட்டமான புதுக்கோட்டையிலிருந்து பார்த்தால், அந்த எழுச்சி யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.

தச்சங்குறிச்சியில் காளை அவிழ்ந்தால்தான் தமிழ்நாட்டுக்கு ஜல்லிக்கட்டுப் பருவம் பிறந்ததாகக் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டை வட்டத்தில் இருக்கும் இந்த ஊர், அன்னை ஆலயத்தின் புத்தாண்டு விழாவை ஒட்டி, பொங்கலுக்கு முன்பே வாடிவாசலைத் திறந்துவிடும். 2022-இல் அது ஜனவரி 13 வரை தள்ளிப்போனது. ஒமைக்ரான் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. அரசு அனுமதி கொடுத்தது. கூடவே நீண்ட பட்டியலும் கொடுத்தது. மாடுபிடி வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது. இரண்டு தவணை தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்க வேண்டும். காளையோடு உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டும். பார்வையாளர்கள் 150 பேர், அல்லது இருக்கைகளில் பாதி; இதில் எது குறைவோ அது.

நூற்றைம்பது பேர்! ஒரு ஜல்லிக்கட்டில் காளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களே அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு முன்னோடி உண்டு. 2020 மே மாதம், உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, ஜெர்மனியின் கால்பந்து லீக் அமைப்பு தன் அரசிடம் ஒரு திட்டத்தைக் கொடுத்து அனுமதி வாங்கியது. வீரர், பயிற்சியாளர், மருத்துவர், கேமராக்காரர், காவலர் என மைதானத்துக்கு உள்ளும் புறமுமாகச் சுமார் 300 பேர். அவ்வளவுதான். மே 16 அன்று டோர்ட்முண்டில் ஆட்டம் தொடங்கியது. 80,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் அது. தெற்கு மாடத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் உடுப்பில் நின்றுகொண்டே பார்ப்பார்கள். மஞ்சள் சுவர் என்றே அதற்குப் பெயர். அந்தச் சுவர் அன்று வெறும் காங்கிரீட் படிக்கட்டாகக் கிடந்தது. 29-வது நிமிடத்தில் எர்லிங் ஹாலண்ட் முதல் கோலை அடித்தார். கட்டிப்பிடிக்க யாரும் ஓடி வரவில்லை. விலகி நின்று கைதட்டினார்கள். டோர்ட்முண்ட் 4, ஷால்கே 0.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு இத்தாலியில் பதில் இருந்தது. 2020 பிப்ரவரி 19 அன்று மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் அட்லாண்டாவும் வாலென்சியாவும் மோதின. அட்லாண்டாவின் ஊரான பெர்காமோவிலிருந்து சுமார் 40,000 பேர் பேருந்திலும் ரயிலிலும் காரிலுமாகத் திரண்டு போனார்கள். தங்கள் அணி 4-1 என்று ஜெயித்ததும் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக் கொண்டாடினார்கள். அடுத்த சில வாரங்களில் ஐரோப்பாவிலேயே மிக மோசமாக அடிவாங்கிய நகரங்களில் ஒன்றானது பெர்காமோ. அந்த ஓர் ஆட்டம் மட்டுமே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று கூடிய கூட்டம் நோய்க்கு வழி அமைத்துக் கொடுத்தது என்று அந்த நகரின் மேயரும் மருத்துவர்களும் சொன்னார்கள். நமக்கும் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியபோது அதே பாடம் கிடைத்தது. ஆகவே கூட்டத்தைத் தடுத்தது தவறு என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. தடுத்தது சரிதான். தடுத்தபோது யாருக்கு மாற்று வழி இருந்தது என்பதுதான் என் கேள்வி.

கோவாவில் ஒரு சென்னை அணி

இந்தியாவில் காலி மைதானக் கால்பந்தின் முதல் பெரிய காட்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று சென்னை நேரு மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியின் முதல் சுற்றில் சென்னையின் எஃப்.சி., கோவா அணியை 4-1 என்று வீழ்த்தியது. பருவத்தின் நடுவில் அட்டவணையின் அடிப்பகுதியில் கிடந்த அணி, ஓவன் காயில் பயிற்சியாளராக வந்த பிறகு எழுந்து வந்திருந்தது. மாடங்கள் அன்று கொதித்தன. சரியாக இரண்டு வாரம் கழித்து, மார்ச் 14 அன்று, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. அதற்குள் நாடு மாறிவிட்டது. கதவுகள் பூட்டப்பட்டன. யாரும் இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3-1 என்று கோப்பையைத் தட்டிச்சென்றது. ஒரு மாதம் முன்பு நடந்திருந்தால் சென்னையிலிருந்து எத்தனை பேர் ரயிலேறியிருப்பார்கள் என்று இப்போதும் தோன்றும். பத்து நாள் கழித்து நாடு முழுவதும் ஊரடங்கு.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐ.எஸ்.எல். திரும்ப வந்தது. 11 அணிகளும் கோவாவுக்குக் கூட்டிச்செல்லப்பட்டன. ஃபதோர்டா, பாம்போலிம், வாஸ்கோ என மூன்றே மைதானங்கள்; 115 ஆட்டங்கள். ஓட்டல், பேருந்து, பயிற்சித் திடல், மைதானம், மறுபடி ஓட்டல். இதற்குப் பெயர் பயோ பபுள். வீட்டுக்குப் போக முடியாது. வெளியே ஒரு டீ குடிக்க முடியாது. மாதக்கணக்கில் இப்படி. மாடத்தில் பெரிய திரைகளை வைத்து, வீட்டிலிருந்து பார்க்கும் ரசிகர்களின் முகங்களைக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் பதிவு செய்த ஆரவாரத்தைக் கலந்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தின் முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு தமிழருக்கு அந்தப் பருவம் முடிந்துபோனது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், ஏ.டி.கே. மோகன் பகானுக்காக ஆடியபோது முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். எட்டு மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்து, களத்துக்கு வந்த அன்றே இப்படி. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திடீரென ஆடும் உடம்பு எளிதில் காயப்படும் என்ற கவலை அப்போது எல்லா நாட்டிலும் இருந்தது. ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்று 2020 மே மாதம் விதியைத் தளர்த்தியதும் அதனால்தான். தற்காலிகம் என்று வந்த அந்த விதி பிறகு நிரந்தரமாகிவிட்டது.

சென்னையின் எஃப்.சி. தன் முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 2-1 என்று வென்றது. முதல் நிமிடத்திலேயே அனிருத் தாபா கோல் அடித்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பருவம் முடிந்தபோது 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி, எட்டாவது இடம். அத்தனை டிராக்களில் நான்கைந்தையாவது சென்னைக் கூட்டம் வெற்றியாக மாற்றியிருக்கும் என்று நம்புகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

நம்பிக்கை மட்டும் அல்ல, கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2020-21 பருவத்தைப் பாருங்கள். மொத்தம் 380 ஆட்டங்கள். சொந்த ஊரில் ஆடிய அணி ஜெயித்தது 144. வெளியூர் அணி ஜெயித்தது 153. அந்நாட்டு முதல் தர லீக்கின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் வெளியூர் அணிகள் முந்தியது அதுவே முதல் முறை. லிவர்பூல் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்றதே இல்லை. 2021 ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்றது. அதோடு நிற்கவில்லை, அதையும் சேர்த்துத் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களை அதே மைதானத்தில் இழந்தது. முக்கிய வீரர்கள் காயத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் காலி மைதான ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் பலரும் ஒன்றைக் கண்டார்கள்: கூட்டத்தின் சத்தம் இல்லாதபோது நடுவர்கள் வெளியூர் அணிக்கு மஞ்சள் அட்டை காட்டுவது குறைந்தது. கூட்டத்தின் கூச்சல் வீரரின் காலுக்கு மட்டும் போகவில்லை, நடுவரின் கைக்கும் போயிருக்கிறது.

கிரிக்கெட்டிலும், சேப்பாக்கத்தில் நாமே ஒன்றைப் பார்த்தோம். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட் காலி மாடங்களுக்கு முன் நடந்தது; இந்தியா 227 ரன்னில் தோற்றது. நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட், பாதிக் கூட்டத்துக்கு அனுமதி. விராட் கோலி மாடத்தைப் பார்த்து விசில் அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்; அஸ்வின் சொந்த ஊரில் சதம் அடித்தார்; இந்தியா 317 ரன்னில் வென்றது. ஆடுகளம் வேறு, டாஸ் வேறு. எல்லாப் புகழையும் கூட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அந்த விசிலைக் கேட்டவர்களுக்கு அது எதை மாற்றியது என்று தெரியும்.

மைக்கில் ஒலிக்கும் பெயர்

இனி பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஜெர்மனியில் ஏன் அவ்வளவு அவசரமாக மே மாதமே தொடங்கினார்கள்? மீதி ஆட்டங்களை ஆடி முடித்தால்தான் சுமார் 30 கோடி யூரோ தொலைக்காட்சித் தவணை கைக்கு வரும். அது வராவிட்டால் பல கிளப்புகள் திவாலாகும் நிலை. டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை, ஒளிபரப்புப் பணம் காப்பாற்றும் என்ற கணக்கு. கோவாவில் நடந்ததும் அதுதான். மைதானம் காலியாக இருந்தாலும் திரைக்கு முன் ஆள் இருந்தார்கள், விளம்பரம் இருந்தது. தொழில்முறைக் கால்பந்து கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பிழைக்க முடிந்தது, கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்ததால்.

இப்போது கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற நம் கடலோர ஊர்களுக்கு வருவோம். அங்கெல்லாம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட் எப்படி நடக்கிறது? இரண்டு மாதம் முன்பே பையன்கள் ரசீதுப் புத்தகம் அடிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும். முதல் பரிசு ஒருவர் உபயம், இரண்டாம் பரிசு இன்னொருவர், கோப்பைகள் மூன்றாமவர், பந்து நான்காமவர். ஃபிளக்ஸில் எல்லோர் படமும் வரிசையாக வரும். திடலில் சுண்ணாம்பால் கோடு போட்டு, பழைய மீன்வலையைக் கோல் கம்பத்தில் கட்டுவார்கள். மைக் செட்டுக்காரரே விளக்குக்கும் பொறுப்பு. வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர்கள் வருவார்கள். பஸ் செலவும் சாப்பாடும் போக, கையில் கொஞ்சம் பணம். ஆட்டம் நடக்கும்போது மைக்கில் கொடையாளர் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கும். துபாயில் உழைத்த காசை அனுப்பியவருக்கு அதுதான் கிடைக்கும் பலன்: தன் பெயரைத் தன் ஊர்க் கூட்டம் கேட்பது.

கூட்டம் இல்லை என்றால் அந்தப் பெயரை யார் கேட்பார்கள்? பெயர் ஒலிக்காத இடத்துக்கு உபயம் எங்கிருந்து வரும்? அதிலும் 2020-இல் வளைகுடாவிலிருந்து வேலை இழந்து, சிறப்பு விமானத்தில் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்! ரசீதுப் புத்தகம் அடித்தாலும் நீட்ட முகம் இருக்காது. சுண்டல்காரர், ஐஸ் வண்டிக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான். கேரளத்தின் மலப்புறத்தில் தற்காலிக மாடம் கட்டி டிக்கெட் விற்று நடக்கும் செவன்ஸ் பருவமும் இதே காரணத்தால் முடங்கியது. அங்கே டிக்கெட், இங்கே உபயம், வேர் ஒன்றுதான்.

ஜல்லிக்கட்டின் கணக்கும் இதேதான். டிக்கெட் கிடையாது. காளை வாடிவாசலைத் தாண்டும் கணத்தில் மைக்கில் அறிவிப்பு வரும்: இன்னார் சார்பில் ஓர் அண்டா, இன்னார் சார்பில் ஒரு சைக்கிள், இன்னார் சார்பில் வெள்ளிக்காசு. பிடித்தால் வீரருக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. அந்த அண்டாவின் விலை ஒரு மாட்டுக்காரரின் ஒரு மாதத் தீனிச் செலவுக்குக்கூடக் காணாது. பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு என்று பிள்ளையைப் போல ஊட்டி, கண்மாயில் நீச்சல் விட்டு, மண்மேட்டில் கொம்பைக் குத்தப் பழக்கி, ஆண்டு முழுதும் அவர் வளர்ப்பது அந்தச் சில நொடிக்காக. பத்து ஊர் ஆட்கள் பார்க்க, தன் காளை நின்று விளையாட வேண்டும். காளைக்கும் ஆயுள் முழுக்க ஆடும் வேகம் இருக்காது, சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளில் இரண்டைத் தொற்று எடுத்துக்கொண்டது.

அந்தக் கணக்கு அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2020 டிசம்பரில் பார்வையாளர் 50 சதவீதம், வீரர்கள் 300 பேர் என்று முதல் விதிமுறைகள் வந்தபோது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் சி.விஜயபாஸ்கர், விராலிமலைத் தொகுதிக்காரர், தானே ஜல்லிக்கட்டுக் காளைகள் வளர்ப்பவர். 2022 ஜனவரியில் 150 பேர் என்ற விதி வந்தபோது விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்தவர் ஆலங்குடித் தொகுதியின் சிவ.வீ.மெய்யநாதன். இருவரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். வாடிவாசல் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் ஆணைகளில் இடம்பெற்றவை தடுப்பூசி, பரிசோதனை, தலைகளின் எண்ணிக்கை. விழாக்குழுவின் வரவு செலவு எங்கும் இல்லை. வெளியூர்க்காரர்கள் தொலைக்காட்சியிலோ இணையத்திலோ பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூருக்கு அது சரி. கேமராக்கள் வரிசைகட்டி நிற்கும். ஞாயிறு ஊரடங்கு குறுக்கிட்டதால் அலங்காநல்லூரை ஒரு நாள் தள்ளி ஜனவரி 17 அன்று நடத்தியபோதும் நேரலை இருந்தது. புதுக்கோட்டையின் சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் ஜல்லிக்கட்டுகளுக்கு எந்தத் தொலைக்காட்சி வரும்?

இன்னொன்று: டோர்ட்முண்டுக்குக் கதவு உண்டு, பூட்டலாம். ஊர்ப் பொட்டலுக்குக் கதவு கிடையாது. சவுக்குக் கட்டையில் இரட்டைத் தடுப்பு கட்டலாம். அதற்கு அப்பால் இருக்கும் மொட்டை மாடியையும் வேப்பமரத்தையும் டிராக்டர் மேற்கூரையையும் என்ன செய்வது? பூட்ட முடியாத இடத்துக்கு, பூட்டக்கூடிய இடத்தின் விதியை எழுதியதுதான் சிக்கல். அதைச் செயல்படுத்தும் சுமை விழாக்குழுவின் தலையிலும் காவல்துறையின் தலையிலும் விழுந்தது.

புயலுக்குப் பின், தொற்றுக்குப் பின்

2018 நவம்பர் 16 விடியலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கஜா புயலில் கீரமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 20 அன்று, விராலிமலையில் 1,353 காளைகள் அவிழ்க்கப்பட்டு உலக சாதனையாகப் பதிவானது. அதே நாளில் காளை முட்டி இருவர் உயிரிழந்தார்கள். கூட்டத்துக்கு அந்த முகமும் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் புயல் அடித்த இரண்டே மாதத்தில் இந்த மாவட்டத்து மக்கள் வாடிவாசலைச் சுற்றிக் கூடினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இழப்புக்குப் பிறகு கூடி நின்றுதான் நாம் தேறுவோம். துக்க வீட்டிலும் அப்படித்தான், திருவிழாவிலும் அப்படித்தான். தொற்று வந்து, அந்த ஒரே மருந்தைத் தொடாதே என்றது.

பயோ பபுள் என்ற பூட்டிய வளையமும் முழுப் பாதுகாப்பு அல்ல. தச்சங்குறிச்சியில் சான்றிதழ்களைச் சரிபார்த்த அதே 2022 ஜனவரியில், கோவா ஓட்டல்களுக்குள் வீரர்களுக்கே தொற்று வந்து ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தள்ளிவைக்கப்பட்டன. கொல்கத்தாவில் ஒரே வளையத்துக்குள் நடந்த ஐ-லீக் தொடங்கிய சில நாளிலேயே நின்று, மார்ச்சில்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் நிறைந்த மாடங்களுக்கு முன் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று தேசிய லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த அணி அது. அடுத்த பருவம் பாதியில் நின்றது. அதற்கடுத்த பருவம் சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லாமல் கொல்கத்தாவிலேயே போனது. அதன் பிறகு பட்டியலில் பெயரே இல்லை. நிர்வாகக் கோளாறுகளும் இருந்தன. பழியைத் தொற்றின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் கோவையில் ஊன்றிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் கலைந்துபோனதை நான் பெரிய நஷ்டமாகவே நினைக்கிறேன்.

அடுத்து ஒரு தொற்று வந்தால் இந்தக் கொரோனா கால விதிமுறைகளையே தூசி தட்டி எடுப்பார்கள். அப்போது அதில் இரண்டு பத்திகள் கூடுதலாக வேண்டும். ஒன்று, கேமரா வராத ஊர்களில் போட்டி நடத்தும் குழுக்களுக்கும் அதை நம்பிய வீரர்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் நேரடி உதவி. கலைஞர்களுக்கு நிவாரணம் தந்த அரசு இதையும் செய்ய முடியும். இரண்டாவது, வயது.

வயதைப் பற்றி ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் ஒரு வரியும் இருக்காது. 2020-இல் 16 வயதில் இருந்த பையனுக்கு, மைதானம் திறந்தபோது 18. மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி, மாநில அணித் தேர்வு என்று படிப்படியாக ஏற வேண்டிய வயது அது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் வேலைக்கும் போகும்போது, எந்த ஆண்டு, எந்த மட்டத்துச் சான்றிதழ் என்றுதான் மேசையில் கேட்பார்கள். போட்டியே நடக்காத ஆண்டுக்குச் சான்றிதழை எங்கிருந்து கொண்டுவருவது?

2022 அக்டோபர் 14 அன்று சென்னை நேரு மைதானம் மறுபடி திறந்தது. இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருந்த கூட்டத்துக்கு முன் சென்னையின் எஃப்.சி., பெங்களூருவோடு 1-1 என்று டிரா செய்தது. அதே வாரம், அக்டோபர் 11 அன்று, புவனேஸ்வரில் இந்தியா நடத்திய 17 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பை தொடங்கியது. அது முதலில் 2020 நவம்பரில் நடக்க வேண்டிய போட்டி. 2021 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள்; பிறகு ரத்து செய்து 2022-க்குக் கொடுத்தார்கள். 2020 போட்டிக்காக முகாமில் வைத்துப் பயிற்சி தந்த பெண்களில் பெரும்பாலோர் 2003-லும் 2004-லும் பிறந்தவர்கள். 2022-இல் ஆட 2005 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் அந்த முகாமுக்குப் போயிருந்தார்கள். உலகக் கோப்பைக்காகத் தயாரான அந்தப் பெண்களுக்குப் பூட்டிய மைதானம்கூடக் கிடைக்கவில்லை.